பேசாத் தேநீர்

வெய் தியென்டிங்கின் வாயோரம் வழிந்த எச்சிலை, ஷாங்காயிலிருந்து வந்த ஒருத்தி ‘விடியற்காலைப் பனித்துளி’ என்று எழுதியிருந்தாள். எழுதியதோடு நிற்காமல் படமும் எடுத்து ஊர் உலகம் பார்க்கப் போட்டிருந்தாள். லோங்பியாவ் அதைக் கைபேசியில் பெரிதாக்கி மூக்குக்கு நேரே நீட்டியபோது, தியென்டிங்கின் மனைவி பிஷியா அவனுடைய விடுதிச் சமையலறையில் குந்தி உட்கார்ந்து வாத்துக் குடலைப் புரட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“பாருங்க சித்தி, எவ்வளவு பேரு பாத்திருக்காங்கன்னு. சித்தப்பா முன்னாடி உக்காந்ததும் அந்தப் பொண்ணுக்கு நெஞ்சுல இருந்த பாரமெல்லாம் எறங்கிடுச்சாம். அழுதுட்டாளாம்.”

“எச்சில்டா அது.”

“நமக்குத் தெரியும் சித்தி. அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?”

பிஷியா குடலை உதறினாள். அழுக்குத் தண்ணீர் அவனுடைய வெள்ளைச் செருப்பில் தெறித்தது. தற்செயலாகத்தான் தெறித்தது என்று சத்தியம் செய்யச் சொன்னால் அவள் யோசித்திருப்பாள். அவன் செருப்பைக் காகிதத்தால் துடைத்து, அந்தக் காகிதத்தை அவள் காலடியில் போட்டுவிட்டுப் போனான். குடல் நாற்றம் உப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடும். பனித்துளி என்ற சொல் மட்டும் அன்று முழுக்க அவள் தொண்டையில் மீன்முள்போல நின்றது.

தியென்டிங் விழுந்தது இரண்டு வருடத்துக்கு முன், வசந்தகாலத் தேயிலை மும்முரமாக இருந்த நேரத்தில். மூங்கில் தட்டுகளில் பறித்த இலை வாடிக்கொண்டிருந்தது. ஒரு தட்டை எடுத்துக் குலுக்கப் போனவர் அதிலேயே முகம் கவிழ்ந்து விழுந்தார். தூக்கி நிறுத்தியபோது கன்னமெல்லாம் இலை ஒட்டியிருந்தது. வாய் ஒரு பக்கமாகப் போயிருந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு போயிற்று. ‘ஆ’ என்று ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான்.

பேச்சு போனதுதான் ஷிகெங் ஊருக்கே நம்ப முடியாததாக இருந்தது. அந்த மலையடிவாரத்தில் அவரைப்போல வாயுள்ள ஆள் கிடையாது. தேயிலை வாங்க வரும் தரகர்களை வாயாலேயே வறுத்து எடுப்பார். கல்யாணமான புதிதில் பிஷியா, இந்த மனிதன் தூங்கும்போதாவது வாயை மூடுவானா என்று அம்மாவிடம் அழுதிருக்கிறாள். தூக்கத்திலும் பேசினார். இலை கசந்தால் வானத்தைத் திட்டுவார், கஞ்சியில் வள்ளிக்கிழங்கு வேகாவிட்டால் அவள் பிறந்த ஊரைத் திட்டுவார். பதிலுக்கு அவளும் கரண்டியால் சட்டியைத் தட்டித் தட்டி ஏசுவாள். ஒரு மகளைப் பெற்று ஷியாமெனில் கட்டிக்கொடுத்தது, தோட்டத்தைக் கரைத்த மழைவெள்ளத்துக்குப் பின் மறுபடி செடி நட்டது எல்லாம் இந்தச் சண்டைக்கு நடுவில்தான் நடந்தது. அப்படிப்பட்ட வீட்டில் திடீரென்று அவள் குரல் மட்டும் கேட்டது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஆளிடம் எத்தனை நேரம் ஏச முடியும்?

மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர், “மூலையில உக்கார வைக்காதீங்கம்மா. நாலு பேர் மூஞ்சியப் பாக்கணும். இடது கைக்கு ஏதாவது வேலை குடுத்துக்கிட்டே இருங்க” என்றார். அதைத்தான் லோங்பியாவ் பிடித்துக்கொண்டான்.

லோங்பியாவ் தியென்டிங்கின் செத்துப்போன அண்ணன் மகன். ஷியாமெனில் அடுக்குமாடி வீடு விற்றுக்கொண்டிருந்தான். அது படுத்ததும் ஊருக்கு வந்து, அப்பாவின் தேயிலைக் கொட்டகையை இடித்துக் கட்டி, ‘மேகம் இறங்கும் வீடு’ என்று பெயர் மாட்டினான். ஷாங்காய், ஷென்சென் பக்கமிருந்து தூக்கம் வராதவர்கள், முதலாளியை நினைத்தால் வயிற்றைப் புரட்டுகிறவர்கள், புருஷனை விட்டுவந்தவர்கள் எல்லாரும் மனப்பாரம் இறக்க அங்கே வருவார்கள். வந்ததும் ஆளுக்கொரு சாம்பல்நிறச் சணல் அங்கி. காலையில் மலைச்சரிவில் தேயிலைச் செடியைக் கட்டிப்பிடித்து மூச்சு விடவேண்டும். முந்தின நாள்தான் அந்தச் சரிவில் பூச்சிமருந்து அடித்திருக்கும். மத்தியானம் தேநீரில் கால் ஊறப்போடுவது. அதற்கு ஆகாத காம்பும் பழுப்பிலையும் கொதிக்கவைப்பது நூடுல்ஸ் கொதிக்கவைக்கும் அதே அண்டாவில். சமையல் வேலைக்கு வந்த முதல்நாள் அதைப் பார்த்துவிட்டு பிஷியா தன் வீட்டிலிருந்து பழைய அண்டா ஒன்றைச் சுமந்து வந்தாள். “கால் கழுவுறது இதுல. வாயில போறது அதுல. மாத்தினா நான் வரமாட்டேன்.” லோங்பியாவ் சிரித்தான். “சித்தி, கொதிச்சா எல்லாம் ஒண்ணுதான்.”

அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சாப்பாடே இறங்கவில்லை என்று வந்த ஒரு சின்னப்பெண், மூன்றாம் நாள் சமையலறைப் படியில் உட்கார்ந்து ஊறுகாய் முள்ளங்கியோடு கஞ்சியை வழித்து வழித்துச் சாப்பிட்டாள். சட்டைக் காலர்கூடத் தளராத ஒருவர் தேயிலை அள்ளும் கூடையில் தலைவைத்துக் குழந்தைபோலத் தூங்கினார். மலையும் சுடுதண்ணீரும் செய்கிற வேலையைச் செய்தன. அதுவரைக்கும் அவளுக்கு ஒன்றும் இல்லை. பாதி வெந்த பன்றிக்கால்போல வெளுத்து ஊறிய பாதங்களைத் தொட்டித் தொட்டியாகப் பார்த்து, அந்தத் தண்ணீரைச் சுமந்து கொட்டுவதும்கூடப் பழகிவிட்டது.

பழகாதது ‘பேசாத் தேநீர்’.

கூடத்தில் கோரைமெத்தைகளைப் போட்டு, ஊதுபத்தி கொளுத்தி, நடுவில் தேநீர் மேசைக்குப் பின்னால் தியென்டிங்கை உட்காரவைப்பான் லோங்பியாவ். வெள்ளை அங்கி. செத்த வலது கையை அங்கியின் கைக்குள் மறைத்துவிடுவான். பிஷியா பின்னால் நின்று தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுக்கவேண்டும், அவளும் பேசக்கூடாது. அவன் ஒருவன் மட்டும் தொண்டையில் பாகு தடவியதுபோலப் பேசுவான்.

“என் சித்தப்பா பேச்சைத் துறந்தவர். சொல்லவேண்டியதெல்லாம் சொல்லி முடித்தவர்.”

இதை முதல்தடவை கேட்டபோது பிஷியாவின் கையிலிருந்த கெண்டி மூடி விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்துக்குக்கூட ஒருத்தி கண்ணை மூடித் தலையை ஆட்டினாள்.

தியென்டிங் இடது கையால் தேயிலை ஊறும் மூடிக் கிண்ணத்தைப் பிடித்து, சாய்த்து, வரிசையாக இருந்த குட்டிக் கோப்பைகளில் ஊற்றுவார். எந்தக் கோப்பையிலும் அளவாக நிற்காது. விளிம்புவரை ஏறி, திமிறி, மேசையில் வழியும். சூடான கோப்பையைத் தூக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் விருந்தாளிகள், தொட்டியில் மாடு வாய்வைப்பதுபோலக் குனிந்து உறிஞ்சுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஊற்றுகிற முறையெல்லாம் தெரியாது. தெரிந்த ஒன்றிரண்டு பேரும் வயசாளியின் கை என்று விட்டுவிடுவார்கள். லோங்பியாவ் உடனே பிடித்துக்கொள்வான்.

“பாருங்கள். உங்கள் மனமும் இந்தக் கோப்பைதான். எத்தனை வருடம் வழியாமல் பிடித்துவைத்திருப்பீர்கள்? வழியட்டும். விடுங்கள்.”

விட்டுவிடுவார்கள். ஒரு ஆள் விசும்பத் தொடங்கினால் வரிசையாகத் தொற்றும். மூக்குச் சிந்திய காகிதங்களையெல்லாம் தேநீர் சக்கை போடுகிற வாளியில் போடுவார்கள். சக்கையும் சளியும் மிதக்கும் அந்த வாளியைப் பிஷியாதான் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் ஊற்றவேண்டும். ஒருநாள் பவளமாலை போட்ட ஒரு பெண் முட்டிபோட்டு நகர்ந்து வந்து, அங்கிக்குள்ளிருந்து தியென்டிங்கின் செத்த கையை வெளியே இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். அந்தக் கை குளித்துவிடும்போதும் துடைத்துவிடும்போதும் பிஷியா மட்டுமே தொடுகிற கை. விரல்கள் நண்டுக்கால்போல மடங்கி அவள் கூந்தலில் சிக்கிக்கொண்டன. தியென்டிங் “ஆ” என்றார். கூடமே கைகூப்பியது.

வீட்டுக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது பிஷியா அவரைத்தான் ஏசுவாள். வேறு யாரை ஏசுவது?

“ஒரு கோப்பை, ஒரே ஒரு கோப்பை ஒழுங்கா ஊத்த வரலையா உங்களுக்கு? மேசையெல்லாம் குளம். எத்தனை துணி பிழியறது நான்? கொஞ்சம் கையப் புடிச்சு ஊத்தினா என்ன?”

அவர் திரும்பி அவளைப் பார்ப்பார். ஒரு கண் கொஞ்சம் மூடியே இருக்கும். இன்னொரு கண்ணில் என்ன இருந்தது என்று அவள் குனிந்து பார்த்ததில்லை.

வீட்டில் தேநீர் அவள்தான் ஊற்றினாள். விழுந்தபிறகு சுட்டுக்கொள்வார் என்று கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்துவதே இல்லை.

அந்த மாதம் லோங்பியாவ் பெரிய சேதியோடு வந்தான். ஷென்செனில் ஒரு பெரிய கம்பெனி, தன் மேலாளர்களையெல்லாம் வருடம் முழுக்கப் பஸ் பஸ்ஸாக அனுப்பப்போகிறதாம். அதற்காகச் சரிவின்மேல் கண்ணாடிக் கூடம் எழுந்துகொண்டிருந்தது. காலையும் மாலையும் பேசாத் தேநீர். நிரந்தரமாக.

“சித்தப்பாவுக்குத் தலைய மழிச்சுடலாம் சித்தி. இன்னும் சாந்தமா இருக்கும். வாசல்ல அவர் படம் ஆள் உயரத்துக்கு வைக்கப்போறோம். நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க.”

“ரெண்டு வேளையா? மனுஷனுக்கு முதுகு நிக்குமாடா?”

“டாக்டர் என்ன சொன்னாரு? நாலு மூஞ்சியப் பாக்கட்டும்னாரா இல்லையா? இங்க வர ஆரம்பிச்சப்புறம் சித்தப்பா நிமிர்ந்து உக்காரலையா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க.”

உட்காரத்தான் செய்தார். அதுதான் அவளைக் குழப்பியது. சுவரைப் பார்த்துச் சரிந்து கிடந்தவர், அந்த மேசைக்குப் பின்னால் போனதும் முதுகை நிமிர்த்துவார். கிண்ணத்தைப் பிடிக்கும்போது பழைய முகத்தின் பாதி திரும்பி வரும். அவளுக்கு வயிற்றைப் புரட்டுவது அவருக்கு மருந்தாக இருந்தால்? வைத்தியத்துக்கு மாவட்டத் தலைநகர் போய்வர லோங்பியாவின் கார்தான். தன் அருவருப்புக்காக அவருக்குக் கிடைத்திருக்கிற ஒரே வெளிச்சத்தை மூடிவிடுவதா? இல்லை, கூண்டில் வைத்து வேடிக்கை காட்டுகிறவனுக்கு அவளே துணைபோகிறாளா?

அன்று கஞ்சி ஊட்டும்போது கேட்டாள்.

“உங்களுக்கு அங்க போகப் புடிச்சிருக்கா? புடிச்சிருந்தா மேசையத் தட்டுங்க. நான் ஒண்ணும் சொல்லல.”

அவர் மேசையைத் தட்டவில்லை. இல்லை என்றும் காட்டவில்லை. வெறுப்பாக, எதற்குத் திரும்பத் திரும்பக் கேட்கிறாய் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். தான் இதற்குமுன் ஒருதடவைகூடக் கேட்டதில்லையே, இதென்ன என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

ஷுய்மூ திரும்பி வந்தது அதற்குப் பிறகுதான். சு ஷுய்மூ, தியென்டிங்கோடு ஒன்றாக வளர்ந்தவர். மனைவி செத்ததும் மகன் வந்து ஷியாமெனுக்கு அழைத்துப்போயிருந்தான். பதினோராம் மாடியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துச் சலித்து, மகனோடு சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டார். தியென்டிங் வீட்டில் ஆள் இல்லை என்றதும் விசாரித்துக்கொண்டு நேரே விடுதிக்கு வந்தார். உள்ளே பேசாத் தேநீர் நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

தியென்டிங் ஊற்றினார். கோப்பை வழிந்தது. அடுத்த கோப்பை, அதுவும் வழிந்தது. லோங்பியாவ், “வழியட்டும், விடுங்கள்” என்றான்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு சிரிப்பு வெடித்தது. ஷுய்மூ தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். மெத்தையில் இருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். தியென்டிங்கின் தலை நிமிர்ந்தது. ஜன்னலைப் பார்த்ததும் அவர் தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்பது பிஷியாவுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் புரிந்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே ஓடினாள்.

“அண்ணே, என்ன இது? உள்ள அத்தனை பேரு உக்காந்திருக்காங்க...”

“உக்காந்திருக்காங்களே, அதான் தங்கச்சி வேடிக்கை! தியென்டிங் எல்லாரையும் எழுந்து வெளிய போங்கடான்னு சொல்லிக்கிட்டு இருக்கான், ஒருத்தனும் நகர மாட்டேங்கறான். என்ன ஜனங்க இவங்க? தோல் என்ன எருமைத் தோலா?”

“கை நடுங்குதுண்ணே அவருக்கு.”

“கையா?” ஷுய்மூ சிரிப்பை நிறுத்தினார். “தங்கச்சி, தரகன் ஹுவாங்க மறந்துட்டியா?”

அவள் மறக்கவில்லை. யாரும் மறக்கவில்லை. ஷிகெங் பக்கத்தில் விருந்தாளிக்குக் கோப்பையை முழுக்க நிரப்புவதில்லை. முக்காலுக்கும் கீழே நிறுத்தினால்தான் உட்காருங்கள், பேசுங்கள் என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால், பேச்சு முடிந்தது, கிளம்பு. வாயால் ஒருவரை வெளியே போகச் சொல்வது அசிங்கம் என்பதால் வந்த வழக்கம். அத்தனை பேசுகிற தியென்டிங் அதை மட்டும் வாயால் சொன்னதே இல்லை. எடையில் ஏமாற்றிய ஹுவாங் ஒருநாள் வந்து உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கப் பேசியபோது, இவரும் சிரித்துக்கொண்டே தேநீரை ஊற்றி, ஊற்றி, கோப்பையில் மேடுகட்டி நிற்க, இன்னும் ஊற்றினார். ஹுவாங் பாதி வார்த்தையில் எழுந்து போனான். அப்புறம் ஷிகெங் பக்கம் வரவில்லை.

பிஷியா வாளியோடு நின்றாள். வாளியில் சக்கை மிதந்தது. “இல்லண்ணே, கைதான்” என்று மறுபடி சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் ஷுய்மூ மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். பிஷியா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுக்கப்போனாள். ஷுய்மூ அவள் கையைத் தட்டிவிட்டு, கிண்ணத்தைத் தியென்டிங் முன்னால் நகர்த்தினார்.

“ஊத்துடா. கடலுப்புத் தண்ணியில தேநீர் போட்டுக் குடிச்சு நாக்கு செத்துக் கெடக்கேன்.”

தியென்டிங்கின் கை நடுங்கத்தான் செய்தது. கிண்ணத்தின் மூடி கடகடவென்று ஆடியது. ஆனால் தேநீர் நூலாக இறங்கி, ஷுய்மூவின் கோப்பையில் ஏறி, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. மேசையில் ஒரு சொட்டு இல்லை. அடுத்து பிஷியாவின் கோப்பை. அதிலும் அதே அளவு. கிண்ணத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து, ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார்.

ஷுய்மூ இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி காட்டிவிட்டு உறிஞ்சினார். பிஷியா கோப்பையைத் தொடவில்லை. இத்தனை நாளும் அந்தக் கூடத்தில் அவர் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு கோப்பையாக, ஒவ்வொருவரிடமும். முதுகு நிமிர்ந்ததும் அதனால்தான். சண்டைபோட ஆள் கிடைத்தால் யாருக்கும் முதுகு நிமிரும். பாஷை தெரியாதவர்கள் கேட்கவில்லை. பாஷை தெரிந்த அவள் துணியை எடுத்து அவர் பேசியதையெல்லாம் துடைத்து வாளியில் பிழிந்திருக்கிறாள். பிழிந்துவிட்டு, வழியெல்லாம் அவரையே திட்டியிருக்கிறாள். எருமைத் தோல் என்று ஷுய்மூ சொன்னது யாரை?

“குடி தங்கச்சி, ஆறுது” என்றார் ஷுய்மூ.

குடித்தாள். கசந்தது.

மறுநாள் காலை லோங்பியாவ் முடிவெட்டும் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தான். கம்பெனியின் முதல் பஸ் வந்துவிட்டது, படம் எடுக்கிறவர்களும் வந்துவிட்டார்கள், தலையை மட்டும் மழித்துவிட்டால் கிளம்பலாம் என்றான். ஷுய்மூ மேசைக்கு எதிரே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். முடிவெட்டுகிறவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

“உக்காருடா” என்றாள் பிஷியா. “சித்தப்பாவையே கேட்டுக்கோ.”

“நேரமில்ல சித்தி...”

“பெரியவங்க வீட்டுக்கு வந்தா ஒரு கோப்பை குடிக்கமாட்டியா? உக்காரு.”

அவன் உட்கார்ந்தான். அவள் தண்ணீரை ஊற்றிக் கிண்ணத்தைத் தியென்டிங் பக்கம் தள்ளினாள். முதல் கோப்பை ஷுய்மூவுக்கு, அளவாக. இரண்டாவது பிஷியாவுக்கு, அளவாக. மூன்றாவது அண்ணன் மகனுக்கு. அது ஏறியது. விளிம்பைத் தொட்டது. மேடுகட்டி நின்றது. இன்னும் ஊற்றினார். மேசை விளிம்பில் வழிந்து லோங்பியாவின் சணல் கால்சட்டையில் சொட்டியது. அவன் தொடையை இழுத்துக்கொண்டான்.

ஷுய்மூ விதைத் தோலைத் துப்பினார்.

“கை நடுங்குது பாவம்” என்றான் லோங்பியாவ்.

“என் கோப்பையப் பாரு. உங்க ஷுய்மூ பெரியப்பா கோப்பையப் பாரு.”

அவன் பார்த்தான். ஷிகெங்கில் பிறந்தவன், புரியாமல் இல்லை. காது சிவந்தது. எழுந்துவிடுவான் என்றுதான் பிஷியா நினைத்தாள். எழுந்திருந்தால், இத்தனைக்குப் பிறகும், போகட்டும் பிள்ளை என்று விட்டிருப்பாள். ஹுவாங்கே எழுந்து போனான்.

லோங்பியாவ் குனிந்தான். விருந்தாளிகள் குனிகிற அதே குனிதல். உதட்டைக் குவித்து, வழிகிற கோப்பையை உறிஞ்சினான். உறிஞ்சிவிட்டு, தொண்டையில் அந்தப் பாகோடு, “நல்லாயிருக்கு சித்தப்பா. வாங்க, காத்துக்கிட்டிருக்காங்க. இன்னிக்கு ஒருநாள் மட்டும்” என்றான்.

வாத்துக் குடலையும், ஊறிய பாதங்களையும், சளிக் காகிதத்தையும் சகித்த பிஷியாவால் இதைச் சகிக்க முடியவில்லை. அந்தக் கோப்பையை அவன் கைக்கு முன்னாலிருந்து எடுத்தாள். மீதியைச் சக்கை வாளியில் கவிழ்த்தாள். கோப்பையையும் அதிலேயே போட்டாள்.

“ஏண்டா, அவர் இன்னும் எந்தக் கோப்பையில ஊத்தணும் உனக்கு? அண்டாவுலயா?”

“சித்தி, நீங்க கோபத்துல...”

“எழுந்திரு.”

“ஆஸ்பத்திரிக்கு எதுல போவீங்க? என் கார் இல்லாம?”

“பஸ்ஸுல.”

“சித்தப்பா இந்தக் காலை வெச்சுக்கிட்டு பஸ்ஸுலயா? சமையல் வேலை?”

“அண்டாவ அனுப்பிவை. என்னோடது அது.”

வாசலில் நின்ற முடிவெட்டுகிறவன் மெல்ல நழுவினான். லோங்பியாவ் எழுந்து, நனைந்த தொடையைத் தட்டிக்கொண்டு, “அப்பா இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தான். ஷுய்மூ குறுக்கிட்டார். “உங்கப்பன் இருந்திருந்தா நாலாவது கோப்பை அவன் ஊத்தியிருப்பான். போடா.”

பஸ் அவள் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. தியென்டிங்கை முதுகில் சுமந்து ஏற்றவேண்டியிருந்தது, நடத்துநர் முனகினான், வளைவுகளில் அவர் அவள் தோளில் வாந்தி எடுத்தார். இரண்டு முறை போகவேண்டிய இடத்தில் ஒரு முறைதான் போக முடிந்தது. பிஷியா பக்கத்து வீட்டுக் கொட்டகையில் காம்பு பொறுக்கும் வேலைக்குப் போனாள். மகள் கைபேசியில், “ஏம்மா, கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமே?” என்றாள். இருக்கலாம்தான். கால்தண்ணீர் அண்டா திரும்பி வந்தது. உள்ளே யாரோ நூடுல்ஸ் கொதிக்கவைத்திருந்தார்கள்.

கண்ணாடிக் கூடம் நின்றுபோகவில்லை. லோங்பியாவ் கீழ்ப் பள்ளத்தாக்கில் கூத்துக் குழுவில் ராஜா வேஷம் கட்டி ஓய்ந்த ஒருவரைப் பிடித்துவந்தான். கு அண்ணன் என்பார்கள். நல்ல உடம்பு, நீண்ட தாடி. நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும்தான் அவருக்குக் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை இறக்க வேலை முடிந்ததும் நேரே தியென்டிங் வீட்டுக்கு வந்துவிடுவார்.

“அண்ணி, அந்தப் பயல் என்னைத் திட்டறான் அண்ணி. கோப்பை தளும்பலியாம். விருந்தாளிங்க காசு குடுத்ததே தளும்பறதப் பாக்கத்தானாம். நான் என்ன பண்ண? கை தானா நின்னுடுது! விருந்தாளிக்கு முன்னாடி தளும்ப ஊத்தினா எங்கப்பா என் கைய ஒடிச்சிருப்பாரு. நேத்து ஒருத்தி என் தாடியப் புடிச்சு அழுதா. அப்புறம் இன்னொருத்தி என் காலை...”

அவர் பேசினார். நடித்துக் காட்டினார். அழுதவளைப்போல அழுதார். பிஷியா சிரித்தாள், அருவருப்பிலும் சிரிப்பு வரும் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. ஷுய்மூ கொட்டாவி விட்டார். கு அண்ணன் புத்தாண்டு மாதக் கூத்துகளில் தான் போட்ட வேஷங்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தபோது, தியென்டிங் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். கோப்பை ஏறியது. விளிம்பைத் தொட்டது. வழிந்தது.

கு அண்ணன் பாதி வார்த்தையில் நிறுத்தினார். கோப்பையைப் பார்த்தார். சட்டென்று எழுந்து, தாடியைத் தடவி, ராஜாவைப்போலத் தலைவணங்கிவிட்டு, குடிக்காமல் வெளியே போனார்.

செருப்புச் சத்தம் சரிவில் இறங்கும்வரை பிஷியா காத்திருந்தாள்.

“நல்ல மனுஷன்தானே? ஏன்?”

தியென்டிங் முகத்தைச் சுளித்தார். பாதி முகம்தான் சுளித்தது. மேசையில் வழிந்த தேநீர் அவள் பக்கமாக ஓடி வந்தது. அவள் துணியைத் தேடாமல் தன் கோப்பையைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு, அது ஓடி முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.